ஞாயிற்றுக்கிழமை நிறுவல்கள்

கணினியில் புதிதாக ஓர் இயங்குதளத்தை நிறுவுவது எப்படி என்று, ஒன்றும் தெரியாதவர்களுக்காக நாங்கள் எழுதிய கையேடு, முதல் பதிப்பில் ஒரு தடித்த பாடப்புத்தகம் போல இருந்தது. இப்போது அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அப்படிச் சுருக்கியதற்காகத்தான். ஆனால் சுருங்கிப்போன அந்தப் பக்கங்களை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. அது ஏன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பலரும் பயன்படுத்தும் இயங்குதளத்தின் பழைய பதிப்புக்கு இனிப் புதுப்பிப்பு வராது என்று அறிவிப்பு வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புதிய பதிப்பை அந்தக் கணினிகள் தாங்காது. "அப்ப இதத் தூக்கிப் போட்டுடறதா சார்?" என்று கேட்பார்கள். தூக்கிப் போட வேண்டியதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் வேறு இயங்குதளங்கள் இருக்கின்றன. அவை பழைய கணினியிலும் சுகமாக ஓடும். ஆனால் அதை நிறுவுவதற்குள் திரையில் வரும் கேள்விகளைப் பார்த்து முக்கால்வாசிப் பேர் பயந்து பாதியில் மூடிவிடுவார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் கையேடு தயாரித்தோம். எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. தினமும் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் முறை எளிமையானது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். படித்துவிட்டு எங்கே மாட்டிக்கொண்டாலும் கூப்பிடலாம். யாராவது ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வி மறுபடி யாருக்கும் எழாதபடி அடுத்த பதிப்பில் ஒரு வரியைத் திருத்துவேன். தேவைப்பட்டால் ஒரு பக்கத்தையே எடுத்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி ஓர் அழைப்பு வந்தது.

"இந்தப் பேப்பர்ல போட்டுக்கீற நம்பர் இதானே?" என்றது ஒரு பெண் குரல்.

"ஆமாங்க. சொல்லுங்க."

"பென்டிரைவ சொருகிட்டு ஆன் பண்ணா பழசே வருது. நீங்க எழுதனா மாதிரி புதுசா ஒண்ணும் வரல."

இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அக்கா.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவள் தான் விரும்பியவரை மணந்துகொண்டு சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்விட்டாள். மாமா படகு இன்ஜின் மெக்கானிக். வேறு சாதி, வேறு மதம். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அப்பா போனார். பிறகு அம்மா போனாள். அம்மாவின் சாவுக்கு அக்காவும் மாமாவும் வந்து மாலை போட்டுவிட்டு, வாசலோடு திரும்பிவிட்டார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அவர்கள் சொல்லாமல் போனது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அதற்குப் பிறகு எங்களைத் தடுக்க ஆள் இல்லை. ஆனால் பேசிப் பழக்கமும் இல்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

இப்போது ஆரம்பிக்க ஒரு வார்த்தை கிடைத்திருந்தது: பென்டிரைவ்.

"ஆன் பண்ண உடனே எஃப் பன்னெண்டுன்னு மேல ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. அதத் தட்டிக்கிட்டே இருங்க," என்றேன். சொந்த அக்காவை 'ங்க' போட்டுத்தான் பேசினேன். அவளும் திருத்தவில்லை.

"எத்தினி வாட்டி தட்டறது?"

"ஒரு பட்டியல் வர்ற வரைக்கும்."

"வந்துடுச்சு. இன்னா இது, கருப்பா வந்து நிக்குது?"

"அது அப்படித்தாங்க இருக்கும். கீழ் அம்புக்குறியத் தட்டி பென்டிரைவ் பேரு வந்ததும் என்டர் குடுங்க."

இப்படியே மொழி, விசைப்பலகை, நேரம் எல்லாவற்றையும் கடந்தோம். நான் கேட்பேன். அவள் திரையில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்வதெழுதல் நடத்திய அதே குரல். பிறகு அந்தப் பக்கம் வந்தது. இயங்குதளம் நிறுவுகிற எல்லாரிடமும், 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்கும் பக்கம்.

"இப்ப உங்க பேரு கேக்கும். அடிங்க," என்றேன்.

அவள் வீட்டில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"எம் பேரு உனக்குத் தெரியாதாடா?" என்றாள் அக்கா.

"தெரியும். ஆனா நீதான் அடிக்கணும்."

"கடைசிப் பக்கத்துல அப்பா இனிஷியலோட உன் பேர் இருந்திச்சு. அதப் பாத்துட்டுத்தான் போன் பண்ணேன்."

"சரிக்கா."

"பேரு மட்டும் போட்டா போதுமா, இனிஷியலும் போடணுமா?"

"உன் இஷ்டம்."

எதையோ தட்டினாள். என்ன இனிஷியல் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு திரையில் அந்தப் பட்டை வந்தது. கோப்புகள் ஒவ்வொன்றாக வட்டுக்குப் போகும்போது இடமிருந்து வலமாக மெதுவாக நிரம்புமே, அது. அவளுடையது மகன் பள்ளியில் படித்தபோது கிடைத்த மடிக்கணினி. அவன் சென்னைக்கு வேலைக்குப் போனபின் அவளுக்கு வந்தது. ரொம்ப மெதுவாக ஓடும். பட்டை நிரம்பி முடியச் சோறு வடிக்கும் நேரத்துக்கு மேலேயே ஆகும். அதுவரை யாரும் எதையும் தட்டக் கூடாது. சும்மா இருக்க வேண்டும்.

"நம்ம வூட்டு கேட்டு இன்னும் கிறீச்சுன்னு கத்துதா?" என்றாள்.

"இல்லக்கா. மாத்திட்டேன்."

"ஏன்டா மாத்தன?"

அதற்கு நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது, "அய்ய, அணஞ்சு பூடுச்சு," என்றாள். மடிக்கணினி பாதியில் நின்றுவிட்டது.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி பட்டை பாதிக்கு வரும்போது நின்றது. அடுத்த ஞாயிறும் அப்படியே. சார்ஜர் சரியாக இருக்கிறதா, பேட்டரி எப்படி, வட்டில் பழுதா என்று எனக்குத் தெரிந்த கேள்விகளையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். கடைசியில் மாமா கைபேசியை வாங்கினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இன்னா மச்சான், சௌக்கியமா? ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உங்கக்கா லேப்டாப்புக்கு ரெயின்கோட்டு போட்டு வெச்சிக்கீது. அதால எதுனா பேஜாரா?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"பாலித்தீன் கவருப்பா. சுத்தி டேப்பு வேற ஒட்டிக்கீது. உப்புக் காத்துல துரு பிடிக்கும்னு. இங்க டிவி, மிக்ஸி எல்லாமே கோட்டு போட்டுகினுதான் கீது. என்ன ஒருத்தன மட்டும்தான் சும்மா விட்டு வெச்சிக்கீது."

கடற்கரையில் இருப்பவர்கள் சாமான்களைக் காப்பாற்றும் முறை அது. உறைக்குள்ளேயே விசைகளைத் தட்டிப் பழகியிருக்கிறாள். காற்றுப் போகும் துளைகள் எல்லாம் மூடியிருக்க, நிறுவும்போது சூடேறிக் கணினி தானாக அணைந்திருக்கிறது. செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு இதை என்னால் ஊகித்திருக்கவே முடியாது. உறையைக் கழற்றியதும் பட்டை முழுவதும் நிரம்பியது. 'நிறுவல் முடிந்தது' என்று அவள் படித்தபோது பின்னால் மாமா கைதட்டினார்.

அன்று மாலையே கையேட்டின் முதல் வரியை மாற்றினேன்: "கணினியின் மேலுறை, பாலித்தீன், கீழே விரித்த துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்." எங்கள் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு, பாதியில் நின்றுவிட்டது என்று வந்துகொண்டிருந்த அழைப்புகள் அடியோடு குறைந்தன.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவள் சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குப் பாட்டுகளை அடித்து அச்செடுத்துக் கொடுப்பவள். அதற்குத்தான் கணினி வேண்டியிருந்தது. அது இப்போது ஓடியது. ஆனால் அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கூப்பிட்டாள்.

"உன் பேப்பர மாத்திட்டேன்னு சொன்னியே. மாத்தனது சரியா வருதான்னு யாருனா போட்டுப் பாக்க வேணாவா?"

"வேணும்தான்."

"என் பாட்டெல்லாம் பென்டிரைவுல எடுத்து வெச்சிட்டேன். மொத்தத்தையும் அழிச்சிட்டுத் திரும்பப் போடறேன். நீ கேளு, நான் சொல்றேன்."

இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை நிறுவல்கள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வாரமும் திருத்திய கையேட்டை அவளுக்கு அனுப்புவேன். ஞாயிறு மதியம் அவள் அதைப் பார்த்து, முதலிலிருந்து நிறுவுவாள். எங்கே தயங்கினாலும் சொல்வாள். நான் குறித்துக்கொள்வேன். பட்டை வந்ததும் குறிப்பதை நிறுத்திவிடுவேன்.

பட்டை நகரும் நேரத்தில் நாங்கள் பேசியவை பெரிய விஷயங்கள் இல்லை. கொளவாய் ஏரியில் இந்த வருடம் தண்ணீர் எவ்வளவு, ஸ்டேஷன் பக்கத்தில் நாங்கள் சமோசா வாங்கித் தின்ற கடை இருக்கிறதா, எங்கள் தெருவில் யார் வீட்டை இடித்துவிட்டார்கள், இப்படித்தான். ஒருமுறை, "அம்மா கடைசியா நல்லாச் சாப்ட்டது இன்னா?" என்று கேட்டாள். ரசம் சாதம் என்றேன். "அப்பளம்?" என்றாள். பொரித்துக் கொடுத்ததாகச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சும்மா இருந்ததும் சங்கடமாக இல்லை. பட்டை நகர்ந்துகொண்டிருந்ததால், இருவரும் அதற்காகக் காத்திருப்பதாக வைத்துக்கொண்டோம்.

எனக்கும் கேட்க நிறைய இருந்தது. வீட்டை விட்டுப் போன அன்று எந்தப் பஸ்ஸில் ஏறினாள், முதல் தீபாவளிக்கு என்ன செய்தாள், மகன் பிறந்தபோது கூட யார் இருந்தார்கள். ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த வாரம் என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் வேலை அதன்போக்கில் நடந்துகொண்டிருந்தது. அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் கையேட்டில் ஒரு வரியாகிவிடும். வரியாகிவிட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்க வழியில்லை. எஃப் பன்னிரண்டு பற்றிய பக்கம் ஒரு படமாகச் சுருங்கியது. இயங்குதளத்தின் புதிய பதிப்பு வந்தது. அது நேரத்தையும் விசைப்பலகையையும் தானே கண்டுபிடித்துக்கொண்டதால் இரண்டு பக்கங்கள் போயின. அக்கா மகன் லீவில் வந்தபோது மடிக்கணினியின் வட்டை மாற்றிப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனான். அந்த ஞாயிறு பட்டை வந்ததும், "அம்மாவோட தையல் மிஷின்..." என்று அவள் ஆரம்பித்தாள். மிஷினைப் பற்றி என்ன என்று சொல்வதற்குள் பட்டை நிரம்பிவிட்டது.

"இன்னாடா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றாள்.

"புது டிஸ்க் அப்படித்தான்க்கா."

"பழசே தேவலாம் போல."

கல்லூரியில் எங்கள் குழு கூடியபோது, அச்சரப்பாக்கத்திலிருந்து வரும் பள்ளி ஆசிரியை ஒருவர் என் குறிப்புகளைப் பார்த்தார். கணினிப் பாடம் நடத்துபவர். பட்டுக் கத்தரித்தாற்போல் பேசுவார்.

"சார், கடைசி நாலஞ்சு வாரமா உங்க அக்கா எங்கயுமே தடுமாறல."

"கையேடு நல்லா வந்திருக்குன்னு அர்த்தம்."

"இல்ல சார். அவங்களுக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். இனிமே அவங்கள வெச்சு எதையும் சோதிக்க முடியாது. புதுசா ஒரு ஆளப் பாருங்க."

அவர் சொன்னது சரி. ஒருவர் ஒரு விஷயத்துக்கு ஒரு தடவைதான் புதியவராக இருக்க முடியும். அக்கா அந்தத் தடவையை எப்போதோ தாண்டிவிட்டாள். நான் கேட்பதற்கு முன்பே அடுத்த திரையில் என்ன வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நானும் கவனித்திருந்தேன். ஆனால் குறிப்பில் எழுதவில்லை.

அந்த ஞாயிறு அவள் கூப்பிட்டதும் சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் பாஸா?"

"பாஸ்க்கா."

"இனிமே போட வேணாமா?"

"வேற ஆள் வெச்சுப் பாக்கணும்னு சொல்றாங்க. புதுசா இருக்கறவங்க."

"ஓ," என்றாள். "சரி. வெச்சிரட்டா?"

"சரிக்கா."

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். கணினி வேண்டாம், சும்மா கூப்பிடு என்று சொல்வது இவ்வளவு கடினமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மதியம் சாப்பிட்டதும் கைபேசியை மேசைமேல் திரை தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு யாரும்கூடக் கூப்பிடவில்லை. கையேட்டைப் பார்த்துத் தாங்களே நிறுவிக்கொண்டதாக முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பினார்கள். கைபேசி ஒலிக்காமல் இருந்தால் கையேடு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பிறகு ஒரு ஞாயிறு நானே கூப்பிட்டேன். வேறொருவருடன் பேசிக்கொண்டிருப்பதாகக் கைபேசி சொன்னது. ரொம்ப நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"எங்க பாட்டுக் குழுவுல ஒரு பொண்ணு. அவ லேப்டாப்புல போடறா. சொல்லிக் குடுத்துகினு இருந்தேன்."

"கையேடு குடுக்கலியா?"

"குடுத்தேனே. கையில வெச்சிகினுதான் போன் பண்றா. நீ எதுக்குடா கூப்ட்ட? எதுனா சோதிக்கணுமா?"

"புதுப் பதிப்பு அச்சாகி வந்திருக்கு," என்றேன். "குடுக்கலாம்னு."

"அனுப்பிடேன்."

"நேர்ல குடுக்கலாம்னு."

அவள் மாமாவிடம் ஏதோ கேட்டது காதில் விழுந்தது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வா," என்றாள். "மாமா கடம்பா மீனு வாங்கியாரும்."

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அக்கா ஊர்ப் பக்கம் போகும் கல்பாக்கம் பஸ்களின் பலகையை இத்தனை வருடமாகப் படித்திருக்கிறேன். ஏறியதில்லை. ஏறி உட்கார்ந்த பிறகும், திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் போகவில்லை. பையில் கையேடுகளின் ஒரு கட்டு இருந்தது. ஒருத்திக்கு ஒரு பிரதி போதும். ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போனால் வேலையாகப் போவது போல இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

நிறுத்தத்தில் மாமா வண்டியோடு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. "இன்னா மச்சான், கடல் வத்திப்போயி கருவாடு துன்ன வரலாம்னு வெயிட் பண்ணியா?" என்றார். நான் சிரித்தேன். "நல்லா எழுதறியாமே. என் இன்ஜினுக்கும் ஒரு பேப்பர் எழுதிக் குடு. அவனவன் கடல்ல நின்னுகினு போன் பண்றான், நாஸ்தா துன்ன முடியல." வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது.

அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் முகம் வந்திருந்தது. "எளச்சிட்ட," என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சாப்பாட்டில் கடம்பாத் தொக்கு, அப்பளம், ரசம். சாப்பிடும்போது மாமா மட்டும்தான் பேசினார். அவர் கை கழுவிக்கொண்டு, யாரோ இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டதாகக் கிளம்பிப் போனதும், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கைபேசியில் அவ்வளவு பேசியவள், எதிரில் உட்கார்ந்து மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. உறை இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுவ ஒன்றும் இல்லை. திரும்பிப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா என் பையிலிருந்த கட்டைப் பிரித்து ஒரு கையேட்டை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைத் திருப்பினாள்.

"இந்த எடம் எனக்கு வெளங்கல," என்று விரலை வைத்தாள்.

பழைய இயங்குதளத்தை அழிக்காமல், அதே கணினியில் அதன் பக்கத்திலேயே புதியதையும் நிறுவுவது பற்றிய பக்கம் அது. அவள் எப்போதும் மொத்தத்தையும் அழித்துவிட்டுத்தான் நிறுவியிருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கத்தைப் பல பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் திருத்தி, இதற்கு மேல் எளிமையாக்க முடியாது என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் அச்சுக்கு அனுப்பினேன். தினமும் பாட்டு அடிக்கிற, ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற என் அக்காவுக்கு அது விளங்காமல் இருக்காது.

"எந்த வரிக்கா?" என்றேன்.

"எல்லாமே."

"இது உனக்கா புரியல?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"புரியுது. நீ சொல்லு."

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒன்றும் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல, ஒரு வார்த்தையையும் விடாமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவள் என்னை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க விட்ட, திரும்பச் சொல்லு," என்றாள்.